எழுத்து ஓடாதபோது: உட்காருவதா, எழுந்து போவதா?

ஒரு நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் நான் ஐந்து மாதம் நின்றுபோனேன். தினமும் கோப்பைத் திறப்பேன். கடைசிப் பத்தியை வாசிப்பேன். ஒரு காற்புள்ளியை எடுப்பேன். மறுநாள் அதையே திரும்பப் போடுவேன். அரைமணி நேரத்தில் மூடிவிடுவேன். எழுதுகிற நண்பர்களிடம் கேட்டால் இரண்டே கட்சிதான். ‘வந்தாலும் வராவிட்டாலும் தினமும் உட்கார்’ என்றார்கள் ஒரு பக்கம். ‘விட்டுவிடு, தன்னால் வரும்’ என்றார்கள் மறுபக்கம். நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன், ஒன்றையும் முழுதாகச் செய்யவில்லை. ஐந்து வாரத்தில் தீர்ந்திருக்க வேண்டியது ஐந்து மாதமாக இழுத்தது அதனால்தான்.

அதே இடத்தில் இப்போது நின்றுகொண்டிருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். கைவசம் உள்ள வழிகள் ஏழெட்டுதான். ஒவ்வொன்றும் யாருக்கோ பலித்ததுதான். உங்களுக்கு எது என்பதுதான் கேள்வி.

எந்த இடத்தில் நிற்கிறது?

‘ரைட்டர்ஸ் பிளாக்’ என்ற பெயரை 1947-ல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர். அதன் காரணத்தை அவர் கைக்குழந்தைப் பருவத்தில், தாய்ப்பாலில் போய்த் தேடினார். அந்த விளக்கத்தை இன்று ஏற்பவர்கள் குறைவு. பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பெயரால் ஒரு கெடுதலும் நேர்ந்தது. வேறு வேறு கோளாறுகள் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிட்டன. காய்ச்சல் என்று மட்டும் தெரிந்தால் போதாது, எதனால் காய்ச்சல் என்று தெரிந்தால்தான் மருந்து சொல்ல முடியும். இங்கேயும் அப்படித்தான்.

நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. அடுத்து எழுத வேண்டிய பகுதியை, எழுத்துப் பக்கமே வராத ஒரு நண்பரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். மடமடவென்று சொல்லிவிடுவீர்கள், ஆனால் எழுத உட்கார்ந்தால் மட்டும் வராது. இது அச்சம், சரக்கு இருக்கிறது, கதவுதான் பூட்டியிருக்கிறது. அல்லது, சொல்லத் தொடங்கிப் பாதியில் ‘அப்புறம்… அப்புறம்…’ என்று இழுப்பீர்கள். இது சரக்கு இன்னும் சேராத நிலை, அல்லது சேர்த்ததில் எங்கோ பிசகு. மூன்றாவது, சொல்லவே மனம் வராது. அந்தக் கதையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அலுப்பாக இருக்கும். இது களைப்பு, அல்லது அந்த எழுத்தின் மேல் இருந்த ஆசை போய்விட்டது.

இந்த மூன்றையும் பிரித்துக்கொண்ட பிறகுதான் வழிகளை ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறது. அச்சத்தில் இருப்பவருக்கு ஓய்வு கொடுத்தால் அச்சம் வளரும். களைத்தவரைத் தினமும் உட்கார வைத்தால் எழுத்தையே வெறுத்துவிடுவார்.

காத்திருப்பது

இதுதான் எல்லோருக்கும் பிடித்த வழி, ஏனென்றால் இதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. இதைப் பற்றி ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. 1980-களில் ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர், எழுத்து ஓடவில்லை என்று சொன்ன 27 கல்வியாளர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். அவசரம் இருந்தாலொழிய எழுதாதீர்கள் என்று ஒரு குழுவிடம் சொன்னார். தோன்றும்போது எழுதுங்கள் என்றார் இரண்டாவது குழுவிடம். மூன்றாவது குழு, குறித்த நேரத்தில் எழுதியே ஆக வேண்டும். தவறினால் தங்களுக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்குப் பணம் அனுப்ப வேண்டும். கட்டாயத்தில் எழுதியவர்கள், தோன்றும்போது எழுதியவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் பக்கங்கள் எழுதினார்கள். அதில் வியப்பில்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்கே அடிக்கடி வந்தன என்பதுதான் என்னை நிமிர வைத்தது: அவர்களுக்கு ஏறத்தாழ நாளுக்கு ஒன்று, தோன்றும்போது எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று, எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று.

27 பேர் சிறிய எண்ணிக்கை. அவர்கள் எழுதியதும் கவிதையோ நாவலோ அல்ல. ஆனாலும் ‘மனம் ஊறட்டும், பிறகு எழுதலாம்’ என்று நான் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்ததை இந்த முடிவு அசைத்தது. ஊறுவதற்கும் கை வேலை செய்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

காத்திருப்பது சரியாகும் இடம் மூன்றாவது நிலை மட்டுமே. ஒரு பெரிய எழுத்தை முடித்த கையோடு வரும் வெறுமை, வீட்டில் ஓர் இழப்பு, மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட உழைப்பு இவற்றுக்குப் பிறகு எழுத்து நிற்பது உடம்பு கேட்கும் ஓய்வு. கொடுத்துவிடுங்கள். ஆனால் தேதி போட்டுக் கொடுங்கள். ‘அடுத்த மாதம் முதல் தேதி வரை எழுதமாட்டேன்’ என்றால் அது ஓய்வு. ‘மனசு வரும்வரை’ என்றால் தினமும் குற்ற உணர்ச்சியோடு எழுதாமல் இருப்பீர்கள்; அதில் ஓய்வும் இல்லை, எழுத்தும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து மட்டுமல்ல, பிடித்த எதுவுமே பிடிக்காமல், தூக்கமும் பசியும் மாறி, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால், கீழே நான் சொல்லும் எந்த உத்தியும் அதற்கானதல்ல. அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

தினமும் இவ்வளவு என்று வைத்துக்கொள்வது

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கு வைத்து எழுதினார். 47 நாவல்கள் வந்தன. இதைப் படித்துவிட்டு நான் நாளுக்கு ஆயிரம் சொல் என்று முடிவு கட்டினேன். நான்காம் நாளே கடன் விழுந்தது. ஏழாம் நாள் கடன் மூவாயிரம். எட்டாம் நாள் கோப்பையே திறக்கவில்லை.

அங்கே என் தவறு இரண்டு. முதலாவது, ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரின் அளவை, நின்றுபோன நான் எடுத்துக்கொண்டது. நின்றவருக்குச் சொற்கணக்கு ஆகாது, நேரக்கணக்குதான் ஆகும். இருபது நிமிடம் உட்கார வேண்டும், அவ்வளவுதான் கடமை. சொற்கணக்கு வைத்தால் எண்ணிக்கைக்காக வர்ணனையை இழுப்போம். எழுத்து ஓடத் தொடங்கிய பிறகு சொற்கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். அப்போது நேரக்கணக்குதான் சோம்பலுக்கு இடம் கொடுக்கும். இரண்டாவது தவறு, விட்டுப்போன நாளை மறுநாளோடு கூட்டியது. விட்ட நாள் விட்டதுதான். நேற்றுச் சாப்பிடாததற்கு இன்று இரண்டு மடங்கு சாப்பிட முடியுமா?

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதில் ‘பழக்கம்’ என்பதைத் திறமை என்று புரிந்துகொண்டிருந்தேன். இப்போது அதை அப்படியே, பழகுவது என்றே எடுத்துக்கொள்கிறேன். தினமும் பார்க்கிற ஆளிடம் பேச்சுக்கு முன்னுரை தேவைப்படுவதில்லை. ஆறு மாதம் பார்க்காத ஆளிடம் ‘எப்படி இருக்கீங்க’ என்பதற்குள் நாக்கு தடுமாறுகிறது. எழுத்தும் அப்படிப்பட்ட ஆள்தான்.

நிறுத்தாமல் எழுதுவதும் வாயால் சொல்வதும்

அச்சத்தால் நிற்பவருக்கு இந்த இரண்டுதான் முதல் மருந்து. தமிழில் எழுதுபவருக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம், ஆகவே இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

நிறுத்தாமல் எழுதும் முறையைப் பரவலாக்கியவர் பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர், 1973-ல் வந்த தன் நூலில். பத்து நிமிடம் கை நிற்கக்கூடாது. அடிக்கக்கூடாது, திருத்தக்கூடாது, மேலே போய் வாசிக்கக்கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதிக்கொண்டு போக வேண்டும். எழுதுவதற்கு ஒரு மனமும் திருத்துவதற்கு வேறொரு மனமும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மேசைக்கு அழைத்தால் திருத்துகிறவர் எழுதுகிறவரை வாய் திறக்க விடமாட்டார்.

தமிழில் அந்தத் திருத்துகிறவருக்கு வேலை அதிகம். இங்கே ஒற்று மிகுமா மிகாதா? ‘முயற்சிக்கிறான்’ என்பதா, ‘முயல்கிறான்’ என்பதா? இந்த றகரம் சரியா? ஒரு வாக்கியம் முடிவதற்குள் நாலு தடவை கை நின்றுவிடுகிறது. இதையெல்லாம்விடப் பெரியது, நாம் நினைக்கிற தமிழ் வேறு, எழுதுகிற தமிழ் வேறு என்பது. ‘அவ வந்தா, ஒண்ணும் பேசல, நேரா உள்ள போயிட்டா’ என்று மனதுக்குள் ஓடுவதை ‘அவள் வந்தாள், ஏதும் பேசாமல் நேராக உள்ளே சென்றுவிட்டாள்’ என்று மாற்றித்தான் தாளில் இறக்குகிறோம். மாற்றும்போதே அதன் சூடு பாதி ஆறிவிடுகிறது. ஆறிப்போனதைப் பார்த்து ‘எனக்கு எழுத வரவில்லை’ என்று முடிவு கட்டுகிறோம். எழுத வராததல்ல அது, மொழிமாற்றக் களைப்பு.

ஆகவே முதல் டிராஃப்டைப் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். கட்டுரையானாலும் சரி. ஒற்று, சந்தி, ல-ள-ழ எதையும் பார்க்காதீர்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது மறுநாள் வேலை. அது பெரும்பாலும் கை தானாகச் செய்துவிடும் வேலை. எனக்கு இதனால் மிச்சமான நேரத்தைவிட மிச்சமான தைரியம் அதிகம்.

மைக் ரோஸ் என்ற ஆய்வாளர் 1980-ல் பத்து மாணவர்களை வைத்து எழுதிய கட்டுரை ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. பத்துப் பேரில் ஐந்து பேர் எழுத முடியாமல் திணறுபவர்கள், ஐந்து பேர் திணறாதவர்கள். திணறியவர்களிடம் ‘முதல் பத்தியே வாசகரைப் பிடித்து இழுக்க வேண்டும்’ என்பது போன்ற விதிகள் இரும்புபோல இருந்தன. மற்றவர்களிடமும் விதிகள் இருந்தன, ஆனால் வேலைக்கு ஆகாத விதியை அவர்கள் விட்டுவிட்டார்கள். உங்கள் தலைக்குள் இருக்கும் விதிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ‘முதல் வரி மறக்க முடியாததாக இருக்க வேண்டும்’ என்பது என் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. இப்போதெல்லாம் முதல் வரியைக் கடைசியில்தான் எழுதுகிறேன்.

வாயால் சொல்வது இதன் உடன்பிறப்பு. 1866-ல் தஸ்தயேவ்ஸ்கி ஒரு பதிப்பாளரிடம் மோசமான ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். குறித்த நாளுக்குள் ஒரு நாவல் தராவிட்டால் அவருடைய எழுத்துகளை ஒன்பது ஆண்டுகள் பணம் தராமல் வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். அன்னா என்ற இளம் சுருக்கெழுத்தாளரை அமர்த்திக்கொண்டு, 26 நாளில் அந்த நாவலைச் சொல்லியே முடித்தார். எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றால் வாக்கியம் முடிந்தாக வேண்டும்; நடுவில் நிறுத்தி அழிக்க முடியாது. இன்று நமக்குச் சுருக்கெழுத்தாளர் வேண்டாம், கையில் மொபைல் இருக்கிறது. ஒரு யோசனை: வாய்ஸ் டைப்பிங்கைவிட வெறும் ஒலிப்பதிவே மேல். திரையில் சொற்கள் தப்புத்தப்பாக விழுவதைப் பார்த்தால் திருத்துகிறவர் மறுபடி வந்து உட்கார்ந்துவிடுவார். பதிவு செய்துவிட்டு, மறுநாள் கேட்டு, கையால் எழுதுங்கள்.

இரண்டில் எது? தனியாக இருக்க நேரமும் இடமும் இருந்தால் நிறுத்தாமல் எழுதுவது. வெள்ளைத் தாளைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் சொல்வது. காவியம் பாடியவர்கள்கூட அவையடக்கம் என்று ஓர் உறுப்பு வைத்து, ‘எனக்கு என்ன தகுதி இருக்கிறது’ என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பாடத் தொடங்கினார்கள். நாமும் அதைச் செய்யலாம். ‘இதை எழுத எனக்கு ஏன் பயமாக இருக்கிறது’ என்று ஒரு பத்தி எழுதுங்கள். பிறகு அதை எடுத்துவிடலாம். சில நேரம் அந்தப் பத்திதான் கட்டுரையிலேயே நல்ல பத்தியாக அமைந்துவிடுகிறது.

நடப்பதும் பின்னால் போய்ப் பார்ப்பதும்

சரக்கு சேராத இரண்டாவது நிலைக்கு மேலே சொன்னவை அவ்வளவாக உதவாது. பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுதினாலும் இல்லாதது வராது.

2014-ல் ஸ்டான்ஃபோர்டில் மரிலி ஒப்பெஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தபோதைவிட நடந்தபோது மக்களுக்குப் புதிய யோசனைகள் சராசரியாக 60 விழுக்காடு கூடுதலாக வந்தன. ஆனால் ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலையில் நடை உதவவில்லை. எழுத்துக்கு இதை இப்படிப் பொருத்திக்கொள்கிறேன்: ‘இங்கே என்னவெல்லாம் நடக்கலாம்?’ என்ற கேள்வியோடு நடக்கப் போங்கள். ‘இந்த வாக்கியத்தை எப்படிச் சரிசெய்வது?’ என்ற கேள்விக்கு மேசைதான் இடம். மொபைலை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் போதும்.

என்னை விடுவித்தது நடையும் அல்ல. ஏழாம் அத்தியாயத்தில் அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் ஓர் இரவு தங்க வேண்டும். அவர்கள் பேசவே மாட்டேன் என்றார்கள். எத்தனை விதமாகத் தொடங்கினாலும் நாலாவது வரியில் பேச்சு செத்துப்போனது. ஐந்தாம் மாதக் கடைசியில், எழுத்தோடு தொடர்பே இல்லாத ஒரு தோழியிடம் கதையை முதலிலிருந்து சொன்னேன். ஐந்தாம் அத்தியாயம் வந்ததும் அவள் கேட்டாள்: ‘அதான் ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்களே, இனிமே பேச என்ன இருக்கு?’

அவ்வளவுதான். சமாதானத்தை இரண்டு அத்தியாயம் முன்னதாகவே எழுதித் தீர்த்துவிட்டிருந்தேன். அந்த இரவுக்கு மிச்சம் வைக்கவே இல்லை. ஐந்தையும் ஆறையும் எடுத்தேன், ஒன்பதாயிரம் சொற்கள். அடுத்த பதினோரு நாளில் ஏழாம் அத்தியாயம் முடிந்தது.

அன்றிலிருந்து ஒன்றை வழக்கமாக வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் தினமும் உட்கார்ந்தும் நகரவில்லை என்றால், நின்ற இடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கடைசியாக எளிதாக எழுதிய இடத்துக்குப் போய் அங்கிருந்து ஒவ்வொரு காட்சியாக வாசிக்கிறேன். தண்ணீர் வரவில்லை என்றால் குழாயையே திருகிக்கொண்டிருக்கக்கூடாது. குழாய்க்கு வெகுதூரம் பின்னால் அடைப்பு இருக்கலாம். எழுதியதை எடுக்க மனம் வராது என்பது எனக்குத் தெரியும். எடுத்ததை அழிக்காமல் வேறு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கை கொஞ்சம் துணியும்.

மற்றவை

கெடு வைத்துக்கொள்வது தயக்கக்காரருக்கு நல்லது, சரக்கில்லாதவருக்கு ஆபத்து. அரைகுறையாக ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்த நேரும். நாமே நமக்கு வைத்துக்கொள்ளும் கெடுவை நாமே தள்ளிப்போடுவோம், எனவே இன்னொருவர் வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு நண்பருக்குப் பக்கங்களை அனுப்புங்கள். அவர் வாசித்துக் கருத்துச் சொல்ல வேண்டியதில்லை, வந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும்.

வேறு எழுத்துக்குத் தாவுவது எனக்கு அவ்வளவு உவப்பில்லை. இரண்டு எழுத்துகளை மாற்றி மாற்றிக் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நின்றுபோன இரண்டு நாவல்களாகத்தான் முடிந்தது. தாவுவதானால் ஒரு கடிதம், ஒரு பக்கக் குறிப்பு போல, ஒரே உட்காரலில் முடிகிற எதற்காவது தாவுங்கள். எதையாவது முடித்த கைக்கு ஒரு தெம்பு வருகிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் அடுத்த பத்தியை எழுதித் தரச்சொன்னால் வரும். ஆனால் அதை வாசித்த பிறகு உங்கள் பத்தி எங்கே போகவிருந்தது என்பது மறந்துவிடும். கதைச் சுருக்கத்தைக் கொடுத்து ‘என்னிடம் பத்துக் கேள்வி கேள்’ என்று சொல்வது மேல். அந்தத் தோழி கேட்ட கேள்வி போன்ற ஒன்று அதில் வரலாம்.

எதை எடுப்பது?

வேலைக்குப் போய்க்கொண்டே, கிடைக்கும் அரைமணியில் எழுதுபவரானால், எந்த நிலை என்று குழம்பிக்கொண்டிருக்க வேண்டாம். இருபது நிமிடக் கணக்கை எடுத்துக்கொண்டு, அதில் முதல் ஐந்து நிமிடத்தை நிறுத்தாமல் எழுதுவதற்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். அதற்குள் அச்சமானால் குறைந்திருக்கும்; களைப்பானால் மேசையைப் பார்த்தாலே தெரியும்; சரக்குப் பிசகானால் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். எது என்று அப்போது தானாகப் புலப்படும்.

ஒப்புக்கொண்ட எழுத்து, தேதி நெருங்குகிறது என்றால் வாயால் சொல்லிப் பதிவு செய்வதுதான் வேகமானது. நீண்ட எழுத்தில் நடுவழியில் நின்றவர் பின்னால் போய்ப் பாருங்கள். கவிதை எழுதுபவருக்கு இந்தக் கணக்குகளில் பாதி பொருந்தாது. பிடித்த கவிதைகளைத் தினமும் ஒன்றாகக் கையால் பார்த்து எழுதுவது, காதைத் திறந்து வைத்திருக்க உதவுகிறது என்று கவிதை எழுதும் என் நண்பர்கள் சொல்கிறார்கள்.

எது ஓடத் தொடங்கினாலும், அன்றைய நாளை நிறுத்தும் இடத்தைக் கவனியுங்கள். அத்தியாயம் முடிந்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் மறுபடி வெள்ளைத் தாள்தான். அடுத்த வரி என்ன என்று தெரிந்திருக்கும்போதே, அதை எழுதாமல் எழுந்துவிடுங்கள். முதல் சில நாள் அது பொறுக்காது. என் நாவலில் நேற்று நிறுத்திய வாக்கியம், ‘விளக்கை அணைக்கப் போன தங்கை’ என்று பாதியில் நிற்கிறது. அவள் அணைக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். காலையில் அதை எழுத வேண்டும்.